கட்டத்துக்குள் ஒரு கழுதை

உலகத்துக்கே மக்களாட்சியைக் கற்றுக்கொடுத்த நாடு பிரிட்டன். ஒரே ஏட்டில் எழுதிவைத்த அரசியல் சாசனம்கூட இல்லாமல், கண்ணியம் ஒன்றையே நம்பி நூற்றாண்டுகளாக நடக்கிறது எங்கள் ஆட்சி. அது நடக்கும் விதத்தைப் புதிதாகத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள், அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஹார்ட்ஸ்லே விளையாட்டு அரங்குக்கு வந்திருக்க வேண்டும். பூப்பந்துத் தளத்தில் மேசை போட்டு ஓட்டு எண்ணிக்கொண்டிருந்தோம்.

நான்கு முறை எம்.பி.யாக இருந்த ரூபர்ட் ஃபென்விக்கும், அவரை எதிர்த்த டோரின் ஹாப்ஸ்கிராஃப்டும் ஓட்டு எண்ணிக்கையில் சரிக்குச் சரியாக வந்து நின்றார்கள். பாக்கி ஒரே ஒரு சந்தேக ஓட்டுச்சீட்டு. அது செல்லாவிட்டால் குலுக்கல்தான்.

அந்த வாக்காளர், பேருக்கு நேரே உள்ள கட்டத்தில் போட வேண்டிய பெருக்கல் குறியைப் போடவில்லை. கழுதை வரைந்திருந்தார். தலை ஃபென்விக்கின் கட்டத்தில். பின்பக்கம் கோட்டைத் தாண்டி டோரினின் கட்டத்தில்.

"அது நான்தான்," என்றார் ஃபென்விக்.

"நீங்களா? முக்காவாசிக் கழுதை என் கட்டத்துல நிக்குது," என்றார் டோரின்.

"வாலை வச்சுக்கிட்டு என்ன பண்றது அம்மணி? தலைதானே ஆளு!"

"உங்க கட்சியில தலையப் பாத்து யாரு ஓட்டுப் போட்டா?"

"போன வாரம் சந்தையில மைக் போட்டு என்னைக் கழுதைன்னு சொன்னது யாரு? நீங்கதானே சாட்சி!"

டோரின் உதட்டைக் கடித்தார். "அதை வாபஸ் வாங்கிக்கிறேன். நீங்க ரொம்பப் புத்திசாலி."

"பொய்! அப்பட்டமான பொய்!" என்று ஃபென்விக் அரங்கமே திரும்பிப் பார்க்கக் கத்தினார்.

தேர்தல் அதிகாரி திருமதி பட்டர்வொர்த் பெருமூச்சு விட்டார். "ஓட்டுப் போட்டவங்க யாரை நினைச்சாங்கன்னு தெளிவாத் தெரியணும். சட்டம் அவ்வளவுதான்."

"தெளிவாத்தானே இருக்கு!" ஃபென்விக் விரலை நீட்டினார். "அந்த ரெட்டைத் தாடையப் பாருங்க. காதுல முடியப் பாருங்க. முன்பல்லுல சந்து இருக்கு பாருங்க. வேற யாரா இருக்க முடியும்?"

அதிகாரி சீட்டை ஃபென்விக்கின் கன்னத்தோரம் தூக்கிப் பிடித்தார். இரு கட்சி ஏஜென்ட்டுகளும் குனிந்து பார்த்தார்கள்.

"உரிச்சு வச்ச மாதிரி இருக்கு," என்றார் டோரினின் ஏஜென்ட். டோரின் அவர் காலை மிதித்தார். ஆனால் சொன்னது சொன்னதுதான்.

ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஃபென்விக் ஜெயித்தார். மக்கள் தன்னைச் சரியாக அடையாளம் கண்டுகொண்டதற்கு மேடையேறி நன்றி சொல்லத் தயாரானார்.

டோரின் மறு எண்ணிக்கை கேட்டார். மறுபடி எண்ணினோம். கழுதை ஃபென்விக்தான்.