சோப்பில் விழாத புள்ளி

அக்கா வீட்டில் சோப்பு செய்து விற்கிறாள். அதில் பெயர் பதிக்கப் பித்தளை அச்சு வெட்டித் தருவதாக வாக்குக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். உலோகத்தில் எழுத்து வெட்டும் என் ஃபைபர் லேசர் இயந்திரம் ஒரே ஓட்டத்தில் ஆழமாகத் தோண்டாது. ஒவ்வொரு சுற்றுக்கும் கரியைப் பிரஷ்ஷால் துடைத்து, லேசர் தலையைக் கொஞ்சம் இறக்கி, மறுபடி ஓட்ட வேண்டும். "சுத்தம்" என்ற பெயரை இடவலமாகத் திருப்பிப் போட்டு, பகல் முழுக்க வெட்டினேன்.

அழுத்தி எடுத்த முதல் சோப்பில் "சுததம" என்றிருந்தது. அச்சில் புள்ளிகள் ஊசித் துளை மாதிரி இருந்ததால் சோப்பு அவற்றுக்குள்ளேயே சிக்கிக்கொண்டது.

"இதைப் படிச்சா நாக்கு சுளுக்கிக்கும்டா," என்றாள் அக்கா.

"பெரிய பெரிய புள்ளிங்க எல்லாம் எனக்குப் பழக்கம். அச்சு வெட்ட நல்ல ஆளாப் பிடிச்சுத் தரேன்," என்று அத்தான் ஆரம்பித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அச்சை மறுபடி லேசருக்கு அடியில் வைத்து இரண்டு புள்ளிகளையும் மிளகு அளவுக்கு அகலமாக்கினேன்.

அடுத்த சோப்பில் இரண்டும் பளிச்சென்று விழுந்தன. அக்கா அதை அத்தானிடம் நீட்டினாள்.

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து சொல்லிட்டே இருக்கீங்க. இன்னைக்குத்தான் பெரிய புள்ளிங்களை நேர்ல பாக்குறேன்."