வேலிக்கு அந்தப் பக்கத்துக் கோழிகள்

சமையலறையில் அன்று நான்கு பேர். சன்னலோரம் மாமனார் ரூலஃப், பிஸ்கட் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு. அவருக்கு எதிரே கோழி டாக்டர் தினெக்கே. அடுப்பருகே ஹார்ம். கதவை ஒட்டி, எழுந்து ஓடத் தயாராக இருப்பவள் போல அவன் மனைவி மரைக்கே.

முட்டைக்கோழிகளை வேலி போட்டு இரண்டாகப் பிரித்து, வலப்பக்கத் தீவனத்தில் மட்டும் பூண்டும் ஓரிகானோ என்ற மூலிகையும் கலந்துவந்தாள் அவள். வெள்ளைக்கழிச்சல் நோய்க்கான தடுப்பூசி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். வலப்பக்கத்துக் கோழிகளின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி கூடித் தெரிந்தால், கூட்டுறவுத் தீவன ஆலை அவள் கலவையை அரைத்துத் தரும். இல்லையென்றால் இத்தோடு சரி.

“ரெண்டு பக்கமும் ஒரே அளவுதான்” என்றார் தினெக்கே, ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்தபடி.

“அப்ப உன் பூண்டு சூப்புக்குத்தான் லாயக்கு” என்றான் ஹார்ம்.

மரைக்கேயின் முகம் தொங்கிப்போயிற்று. ரூலஃப் ஆளுக்கொரு பிஸ்கட் கொடுத்தார். வாசலில் கிடந்த நாய்க்கும் ஒன்று. ஹார்மின் கை இரண்டாவதற்கு நீள்வதற்குள் டப்பாவின் மூடி விழுந்தது.

“ஒருத்தருக்கு ஒண்ணுதான். யாருக்கும் கூடவும் கூடாது, யாருக்கும் இல்லாமலும் போகக் கூடாது.”

மரைக்கே மெல்ல நிமிர்ந்தாள். “மாமா, இடப்பக்கத்துக் கோழிங்களுக்கு என்ன போட்டீங்க?”

ரூலஃப் காபிக் கோப்பைக்குள் எதையோ தேடினார்.

“வேலியில அலகை விட்டுக்கிட்டுப் பாக்குதுங்கம்மா. பாதிப் பேருக்கு விருந்து, பாதிப் பேருக்கு வேடிக்கையா? நம்ம வீட்டுல அப்படிப் பழக்கம் உண்டா?”

“தினமுமா?”

“ஞாயித்துக்கிழமைகூட விட்டதில்ல” என்றார் பெருமையாக.

தினெக்கேவுக்குச் சிரிப்பில் காபி புரையேறியது.

“அப்ப பூண்டு வேலை செஞ்சிருக்கு! அப்படியே எழுதிப் போடு” என்று குதித்தான் ஹார்ம்.

மரைக்கேவுக்கும் ஒரு கணம் கை துறுதுறுத்தது. “பூண்டு தின்னாத கோழி ஒண்ணுகூட மிஞ்சலயே. எதோட ஒப்பிட்டு எழுதுறது?”

ஆலைக்கு உள்ளதையே எழுதினாள்: மாமனார் இரு பக்கமும் போட்டுவிட்டார்; கலவை பலன் தந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது; அடுத்த தொகுதிக் கோழிகளில் பாதியை அவர் கண்ணில் படாமல் வேறு பண்ணையில் வளர்க்கிறோம்; அதுவரை கைவிட வேண்டாம்.

“என் பேரையே போட்டுட்டியா?”

“உண்மைதானே மாமா.”

“அப்ப கோழிங்க எல்லாம் சௌக்கியம்னும் போடு.”

போட்டாள். ரூலஃப் தாமே உறையை நக்கி ஒட்டி, கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

“மாமா, கோட்டுப் பை!”

இரண்டு பூண்டை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு, கடிதத்தோடு சைக்கிளில் ஏறித் தபால்பெட்டியைப் பார்த்துப் போனார்.