இடது கன்னம்

ஏணியின் மேல்படியில் நின்று, பிளெக்ஸின் கடைசி மூலையை விளக்குக் கம்பத்தோடு சேர்த்துக் கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தான் ஜெயசுந்தர். தெருமுனையில் ஒரு வேன் வேகம் குறைந்தது. தாயில்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனிக்குப் பெண்களை ஏற்றிப் போகிற வேன். ஜன்னல் வழியே நாலைந்து முகங்கள் எட்டிப் பிளெக்ஸைப் பார்த்தன. வேன் நிற்காமல் போய்விட்டது.

வேறு எங்கோ போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இறங்கினான்.

கீழே நின்று அண்ணாந்து பார்த்தான். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. சிவகாசி அச்சகம் ஒன்றில் காலண்டர் படங்களைச் சரிசெய்கிறவன் அவன். முந்தின நாள் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அம்மா ஞானசுந்தரி பிறகு எழுந்திருக்கவில்லை. விடிந்ததும் அச்சகத்துக்குப் போய் அவனே இந்தப் பிளெக்ஸைச் செய்தான். அம்மாவின் கழுத்தில் ஒரு சங்கிலி வைத்தான். நிறத்தைக் கொஞ்சம் ஏற்றினான். நூல் சேலையைப் பட்டாக்கினான். இடது காதோரத்திலிருந்து வாயோரம் வரைக்கும் ஓடிய தீத்தழும்பை ஒரு நிமிஷத்தில் எடுத்துவிட்டான். பாளையங்கோட்டையிலிருந்து மனைவி இசபெல்லின் வீட்டார் வருவார்கள் என்பதுதான் அப்போது மனதில் இருந்தது.

அம்மா எந்தப் படத்திலும் இடது கன்னத்தைக் காட்டியதில்லை. போன கிறிஸ்துமஸில் பேத்தி ஜெபிஷா ஏதோ சேட்டை செய்ய, தன்னை மறந்து முழுமுகமாகச் சிரித்துவிட்டாள். அந்த ஒரு படத்தைத்தான் அவன் பிளெக்ஸுக்கு எடுத்திருந்தான்.

கால்மணி நேரத்தில் அதே வேன் திரும்பி வந்து நின்றது.

"நான் அப்பவே சொன்னேன்லக்கா, இந்தத் தெருதான்னு" என்று டிரைவர் காமராஜ் சலித்துக்கொண்டான். "நீங்கதான் இது யாரோ பெரிய வீட்டம்மான்னு வண்டிய விடச் சொன்னீக."

"பேசாம இருலே. பேர வாசிக்கத் தெரிஞ்சா நாங்க எதுக்கு மூஞ்சியப் பாக்கோம்?"

சொன்னவள் ராமுத்தாய். நாற்பது வயதிருக்கும். அவளுக்குப் பின்னால் எட்டுப் பேர் இறங்கினார்கள். கை கால் கழுவித்தான் வந்திருந்தார்கள். ஆனாலும் காதோர முடியில் பட்டாசின் வெள்ளி மருந்து மினுங்கியது. பந்தலில் போட்டிருந்த நாற்காலிகளில் உட்காராமல், கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

மாமனார் தேவாசீர்வாதம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "யாரு மாப்பிள்ள இவங்கள்லாம்?"

"பக்கத்து ஊர்க்காரங்க மாமா."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவனுக்கே கேட்டது. எட்டாம் வகுப்பில் ஒரு நாள், மறந்துபோன சாப்பாட்டுத் தூக்கோடு அம்மா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றாள். கன்னத்துப் புண் அப்போதுதான் ஆறியிருந்தது. யாருலே அது என்று கேட்ட பையன்களிடம், பக்கத்து வீட்டு அத்தை என்றான். அம்மாவின் காதில் அது விழுந்தது. தூக்கை அவன் கையில் கொடுத்து, "மிச்சம் வைக்காமச் சாப்பிடுய்யா" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் வழக்கம்போல ஆறரை மணிக்கு வேன் ஏறினாள். இருபது வருஷம் பட்டாசுச் சரம் பின்னி அவனைப் படிக்க வைத்தாள். பள்ளிக்கூட வாசலுக்கு மட்டும் அப்புறம் வரவே இல்லை. கோயிலில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் முழங்காலில் நின்று எல்லாப் பாவத்தையும் சொன்னவன், அதை மட்டும் சொல்லாமலே எழுந்திருக்கிறான்.

ராமுத்தாயின் காதிலும் இப்போது அது விழுந்திருக்கும். அவள் உள்ளே வந்து, பந்தலில் அம்மாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்கு அருகில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்குள் அம்மாவின் முகம் வெள்ளையாக இருந்தது. இசபெல்லின் சித்தி தாராளமாகப் பவுடர் போட்டுவிட்டிருந்தாள். ராமுத்தாயின் கண் இடது கன்னத்தில் எதையோ தேடியது.

ஜெபிஷா அவளை ஒட்டி வந்து நின்றாள்.

"எங்க ஆச்சிக்கு இங்கன ஒரு தழும்பு இருக்கும். காணோம்."

"பவுடர் போட்டிருக்காக தாயி. உள்ள இருக்கும்."

"அது எப்படி வந்துச்சு? கேட்டா, உன் சேட்டை பொறுக்காமத்தான்னு சிரிப்பாக."

ராமுத்தாய் பிள்ளையின் தலையைத் தடவினாள்.

"நான் வேலைக்குச் சேந்த மூணாம் நாளு. பக்கத்து ரூம்புல தீப்பிடிச்சிருச்சு. ஒங்காச்சி வாசல ஒட்டித்தான் உக்காந்திருந்தாக. ஓடிருக்கலாம். நான் மூலையில மரமா நின்னேன். திரும்பி வந்து, 'ஏ மூதி, நடடி'ன்னு முடியப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாக. என் மேல பட வேண்டியதுதான் தாயி அது."

ஜெயசுந்தர் பந்தல்காலருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். கம்பெனியில் பட்டது என்பது வரைக்கும்தான் அவனுக்குத் தெரியும். எப்படிப் பட்டது என்று அம்மாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

ராமுத்தாய் அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவன் முகத்தில் என்ன கண்டாளோ, எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"படம் நல்லாத்தான் இருக்கு தம்பி. சின்ன வயசுல அக்கா இப்படித்தான் இருந்திருப்பாக. எங்களுக்குத்தான் அடையாளம் தெரியல."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

வெளியே காமராஜ் ஹார்ன் அடித்தான். "கம்பெனில ஒரு மணி நேரந்தான் குடுத்திருக்காக தம்பி. சீசன் நேரம்" என்று ராமுத்தாய் சேலையைச் சரிசெய்தாள்.

"கொஞ்சம் இருங்கக்கா" என்றான் ஜெயசுந்தர்.

இசபெல்லிடம் போய் ஈரத்துண்டு கேட்டான்.

"எதுக்கு? சித்தி இப்பத்தான்..." என்று தொடங்கியவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் துண்டை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தாள்.

பெட்டியின் மூடியைத் தூக்கினான். குளிர் முகத்தில் அடித்தது. மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தார்.

"என்ன மாப்பிள்ள செய்றீங்க?"

"இவங்க, எங்க அம்மாகூட வேலை பாத்தவங்க மாமா" என்றான் அவன், இப்போதுதான் அந்தக் கேள்வி வந்ததுபோல. "உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க."

தேவாசீர்வாதம் ஒரு கணம் நின்றார். பிறகு கேட்டருகே போய், "வாங்கம்மா, வெளிய நிக்கலாமா?" என்று தாமே நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

ஜெயசுந்தர் குனிந்து, காதோரத்திலிருந்து மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தான். அழுத்தினால் வலிக்கும் என்பதுபோல ஒற்றி ஒற்றி எடுத்தான். பவுடர் ஈரத்தில் குழைந்து துண்டில் ஏறியது. காதடியில் கருஞ்சிவப்பாய் ஒரு நுனி தெரிந்தது. அது கன்னத்தில் இறங்கி, மேடும் பள்ளமுமாக வாயோரம் வரைக்கும் வந்தது.

"இந்தா வந்துருச்சு" என்றாள் ஜெபிஷா.

வேன் மறுபடியும் ஹார்ன் அடித்தது. உட்கார்ந்திருந்த பெண்களில் யாரும் எழுந்திருக்கவில்லை.