கட்டடத்தோடு சேர்ந்தது

அப்பாவுக்குப் போட எடுத்து வைத்திருந்த சட்டையில் மேல்பொத்தான் இல்லை. பின்னறையில், தன் தையல் மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்து, கையாலேயே பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவள் திறந்த கதவு வழியாக அந்த ஆளைப் பார்த்தாள். கூடத்தில் அப்பா கட்டிலில் கிடந்தார். வந்தவர்கள் எல்லாம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் மட்டும் அவருடைய தலைமாட்டுச் சுவரை விரல் முட்டியால் தட்டினான். காதைச் சாய்த்துக் கேட்டான். பிறகு அண்ணாந்து கூரையைப் பார்த்தான்.

"யாரு அது?" என்று கதவோரம் நின்ற எதிர்வீட்டுக்காரரிடம் கேட்டாள். தெருச் செய்தியெல்லாம் அவர் வாயில்தான் ஓடும். எல்லோருக்கும் அவர் ரேடியோ.

"ரொம்ப நேரமா நிக்கிறான்மா. அழவும் இல்ல, உக்காரவும் இல்ல. செருப்பை மட்டும் ஒழுங்கா கழட்டி வெச்சிருக்கான். வீட்டுப் புரோக்கராத்தான் இருக்கணும்."

அவளுக்கு அண்ணன்மேல்தான் சந்தேகம் போனது.

புருஷனை விட்டு வந்ததிலிருந்து அவள் இந்த வீட்டில் இருக்கிறாள். தைத்துச் சம்பாதித்ததில் பாதி வயிற்றுக்கும் மீதி வீட்டுக்கும் போனது. ஒழுகிய கூரையை மாற்றினாள். வயரிங்கைப் புதுசாக்கினாள். இப்போது அப்பாவுக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேனும் அவள் வாங்கியதுதான். ஒவ்வொரு தடவையும் அப்பா, "எல்லாம் உனக்குத்தானேம்மா" என்பார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் செய்தாள். காலையில் வந்து இறங்கிய அண்ணன், அப்பா முகத்தைப் பார்த்த கையோடு மெயின் சுவிட்ச் எங்கே என்று கேட்டான். அண்ணி தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். சாவு வீட்டில் தொட்டியில் என்ன வேலை?

நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு எழுந்து, வாசலில் அண்ணியோடு நின்ற அண்ணனிடம் போனாள்.

"அந்தாளை நீதானே வரச் சொன்னே?"

"எந்தாளை?" என்றான் அண்ணன்.

"சுவரைத் தட்றானே, அவனை. அப்பாவை இன்னும் எடுக்கவே இல்ல. அதுக்குள்ள என்ன அவசரம் உனக்கு?"

அண்ணன் எட்டிப் பார்த்தான். அவனுக்கும் ஆளைத் தெரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "நான் எதுக்கு வரச் சொல்றேன்? நீதான் ஏதாவது ஏற்பாடு பண்ணியிருப்பே. கடைசி நேரத்துல அவர்கிட்ட கையெழுத்து கிய்யெழுத்து வாங்கினியா?"

"நான் எதுக்கு வாங்கணும்?"

அண்ணி அவன் முழங்கையைத் தொட்டாள். அவன் பேச்சை நிறுத்திக்கொண்டான். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் நிறுத்திய விதம் அவளுக்குச் சரியாகப் படவில்லை.

மூன்று பேரும் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் அந்த ஆள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"தப்பா நினைக்காதீங்க. நான் இன்சூரன்ஸ். பெரியவர்தான் இன்னைக்கு வரச் சொன்னாரு. உள்ள வந்தப்புறம்தான் விஷயமே தெரிஞ்சுது. உடனே திரும்பிப் போனா நல்லா இருக்காதேன்னு நின்னுட்டேன். சுவரைத் தட்றது பழக்கதோஷம்."

"வீட்டுக்கு இன்சூரன்ஸா?" என்றான் அண்ணன்.

"முதல்ல அதைத்தான் கேட்டாரு சார். பொண்ணு பேர்ல வீட்டுக்குப் போட முடியுமான்னு. வீடு யார் பேர்ல இருக்குன்னேன். பையன் பேர்லன்னாரு. அப்படின்னா முடியாது, ஓனர்தான் போடணும், குடியிருக்கிறவங்க அவங்க சாமானுக்கு வேணா போட்டுக்கலாம்னு சொன்னேன். அப்புறம், சரி, வந்து மெஷினையெல்லாம் பாத்துட்டுப் போங்கன்னாரு."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் அப்பாவின் காலைப் பார்த்தான்.

"என் கடைக்கு லோன் வாங்க வேண்டியிருந்துச்சு. சும்மா பேருக்குத்தான் மாத்திக் குடுத்தாரு. உங்கிட்ட சொல்லிட்டேன்னு சொன்னாரே."

"எப்ப மாத்தினது?"

அண்ணிதான் சொன்னாள். "நீ கூரை மாத்துறதுக்கு முன்னாடியே."

ரேடியோ செருமினார்.

அவள் இன்சூரன்ஸ்காரரிடம் திரும்பினாள். "சாமான்னா எதெல்லாம் வரும்?"

"இப்ப எதுக்கும்மா அதெல்லாம்..."

"சொல்லுங்க."

"மெஷின், கட்டில், பீரோ. தூக்கிட்டுப் போற மாதிரி இருக்கிறதெல்லாம்."

"ஃபேன்?"

அவர் அண்ணாந்து பார்த்தார். "ஸ்க்ரூ போட்டு மாட்டிட்டா அது கட்டடத்தோட சேர்ந்துடும்மா."

"நான் வாங்கினது."

"யார் வாங்கினாலும்."

வண்டி வந்துவிட்டது என்று வெளியிலிருந்து யாரோ சத்தம் கொடுத்தார்கள். இன்சூரன்ஸ்காரர் செருப்பைத் தேடிப் போனார். அவள் சட்டையைக் கொண்டுவந்து, ரேடியோ பிடித்துக்கொள்ள, அப்பாவுக்குப் போட்டுவிட்டாள். அவர் கை விறைத்திருந்ததால் நேரம் பிடித்தது. கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு வந்தவள், புதிதாகத் தைத்த பொத்தானிடம் வந்ததும் கொஞ்சம் நிறுத்தினாள். பிறகு அதையும் போட்டாள்.

தூக்கிக்கொண்டு போனார்கள். கூட்டம் பின்னாலேயே வெளியேறியது. காலிக் கட்டிலில் விரித்திருந்த துணியின் ஓரம் ஃபேன் காற்றில் அடித்துக்கொண்டிருந்தது.

"வண்டி கிளம்புது. வர்றியா இல்லையா?" என்று வெளியிலிருந்து அண்ணி கூப்பிட்டாள்.

"வர்றேன் அண்ணி."

அவள் சுவிட்சை அணைத்தாள். பின்னறைக்குப் போய் மெஷின் டிராயரைத் திறந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள். ஃபேன் நிற்க நேரமானது. இறக்கைகள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும்வரை, ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்தபடி அதன் அடியில் நின்றாள்.