கோட்டின் கனம்

கட்டளைப் பெட்டியில் தவறாக விழுந்த ஓர் எழுத்தை எறும்பு அழித்தாள். எழுத்து போயிற்று. கூடவே, பக்கத்துப் படத்திலிருந்து ஒட்டகமும் போய்விட்டாள்.

எறும்பின் கம்பெனி ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தது. அந்த மென்பொருள் ஆட்களைப் புள்ளிகளாகவும் உறவுகளைக் கோடுகளாகவும் வரைந்து காட்டும். அதன் திரைக்குள்ளேயே கட்டளை எழுத ஒரு பெட்டியைப் பொருத்துவதுதான் இப்போது அவள் வேலை. சோதித்துப் பார்க்க எத்தனையோ படங்கள் இருந்தும் பழைய படத்தைத்தான் திறந்திருந்தாள். டயர் கடை மாடியில் கம்பெனி இருந்த காலத்தில், மழைக்கு மாட்டிக்கொண்ட ஒரு சாயங்காலம், எறும்பும் அவள் தோழி ஒட்டகமும் சிரித்துச் சிரித்து வரைந்த படம். யார் குடையை யார் தூக்கிக்கொண்டு போவார், யார் ஜோக்குக்கு யார் மட்டும் சிரிப்பார் என்று எல்லாவற்றுக்கும் ஒரு கோடு. டயர் கடைக்காரருக்கும் ஒரு புள்ளி உண்டு. அவர் பூனைக்கும்தான். அந்த அறையின் வாசல் மகா குள்ளம். குனிய மறந்த நாளெல்லாம் நெட்டையான தோழி நெற்றியைத் தேய்த்துக்கொண்டேதான் வேலை பார்ப்பாள்; அதனால் அவள் ஒட்டகம். எப்போதும் எதையாவது சுமந்துகொண்டு அலைந்ததால் இவள் எறும்பு.

எழுத ஆரம்பிக்கும் முன், சும்மா ஒரு தடவை ஒட்டகத்தின் புள்ளியைத் தொட்டிருந்தாள். அது தேர்வானபடியே இருந்திருக்கிறது. பெட்டிக்குச் சொன்ன 'அழி' படத்தின் காதிலும் விழுந்துவிட்டது. பதறிப்போய், செய்ததைத் திருப்பும் விசையை அழுத்தினாள். எழுத்து திரும்பி வந்தது, ஒட்டகம் வரவில்லை. இந்த முறை படம் காது கொடுக்கவில்லை. படமோ நொடிக்கொரு தரம் தன்னைத் தானே சேமித்துக்கொள்ளும். அந்த வசதியைச் செய்ததே ஒட்டகம்தான். வேறு பிரதியும் கிடையாது.

"என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கே?" என்றார் அந்தப் பக்கமாக வந்த மேலாளர்.

"ஒரு புள்ளி போயிடுச்சு சார்."

"சோதனைப் படம்தானே? வேற ஒண்ணைப் போட்டுக்கோ."

அவர் போனதும் முதலில் பிழையைச் சரிசெய்தாள். பெட்டியில் எழுதும்போது படத்தின் காதைப் பொத்தினாள். பிறகு பெட்டியில் கட்டளை எழுதி ஒட்டகத்தை மறுபடி கூப்பிட்டாள். புள்ளி வந்தது. இழுத்துப் பிடிக்க ஒரு கோடும் இல்லாததால், மற்ற புள்ளிகள் தள்ளத் தள்ள மெல்ல ஓரத்துக்கு நகர ஆரம்பித்தது.

முதல் கோடு தங்களுடையதாக இருக்கட்டும் என்று நினைத்தாள். எறும்பு, ஒட்டகம் என்று இரண்டு பெயரையும் எழுதியவள் அடுத்ததில் நின்றுவிட்டாள். ஒவ்வொரு கோட்டுக்கும், உறவின் நெருக்கத்தைக் காட்ட, கனம் என்று ஓர் எண் வேண்டும். படம் வரைந்த அன்றைக்கு இவளைச் சுவர்ப் பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு ஒட்டகம்தான் அதைப் போட்டாள். எத்தனை என்று கேட்டால் சிரிப்பாள். எங்கே போய்விடப்போகிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று இவளும் இருந்துவிட்டாள்.

அவர்கள் பேச்சு நின்றதே இந்தப் பெட்டியால்தான். "மௌஸை வச்சு இழுக்கத் தெரியாதவ எவடி? எழுதறதுக்கு எதுக்குத் தனியா ஒரு பெட்டி?" என்று ஒட்டகம் கத்த, "உனக்குப் பொறுமை கிடையாது, அதான்" என்று இவள் சொல்ல, அது முற்றி, ஒட்டகம் வேறு வேலைக்குப் போனபோது வழியனுப்பக்கூட இவள் எழுந்திருக்கவில்லை.

கைபேசியை எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

"நான்தான்."

ஒட்டகத்தின் குரல் வந்தது: "என்னடி, பெட்டியை வச்சிட்டியா?"

"வச்சேன். வச்ச கையோட உன்னை அழிச்சிட்டேன்."

"நெனச்சேன். படத்துக்கும் கேட்டிருக்குமே!" ஒட்டகத்தின் சிரிப்பு மாறவே இல்லை. "நான் இருக்கும்போதே சொன்னேன், கேட்டியா?"

"நம்ம கோட்டுக்கு எவ்வளவு கனம் போட்டே?"

சிரிப்பு நின்றது.

"நீ எவ்வளவு போடுவே? முதல்ல அதைச் சொல்லு."

பெட்டியில், எண் இருக்கவேண்டிய இடத்தில், கர்சர் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. ஒட்டகத்தின் புள்ளி திரையின் விளிம்புவரை போய், பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக, குள்ள வாசலில் குனிந்து நிற்கிறவள் போல, லேசாக ஆடிக்கொண்டு நின்றது.