மலைவீட்டுக்குப் புளிச்சோறு

"பத்துக்குப் பத்து ரூம்ல எரியதுக்கு அப்படி என்னட்டி இருந்துச்சு?"

தாராவியில் எங்கள் வீடு எரிந்த மறுநாள் சண்முகவடிவு ஆச்சி என்னிடம் இப்படிக் கேட்டாள். மாட்டுங்காவில் அவள் வீட்டில்தான் அம்மா பாத்திரம் தேய்க்கிறாள். அம்மாவும் பக்கத்தில் நின்றாள். ஆச்சி ஒரு பை துணி கொடுத்தாள். அக்குளில் மஞ்சள் கறை படிந்த ஜாக்கெட்டுகள், இலாஸ்டிக் தொய்ந்த ஜட்டிகள். அம்மா அதையும் கும்பிட்டு வாங்கினாள். அந்த வருடம் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றேன். புது நோட்டின் முதல் பக்கத்தில் ஆச்சியின் கேள்வியை எழுதி வைத்தேன், என்றாவது திருப்பிக் கேட்பதற்கு.

மூன்று வருடம் கழித்து, இந்த மார்ச்சில், அந்த நாள் வந்தது. கர்ஜத் பக்கத்து மலையில் ஆச்சியின் மாமனார் கட்டிய அறுபது வருட வீட்டைக் காட்டுத்தீ கொண்டுபோய்விட்டது.

எங்கள் சந்தில் வீடு எரிந்தவர்கள் மூன்று நாள் அடுப்புப் பற்றவைப்பதில்லை. மற்றவர்கள்தான் சோறு கொண்டுபோவோம். அம்மா புளிச்சோறு கிளறித் தூக்குவாளியில் அடைத்தாள். மாட்டுங்கா அடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லையே என்றேன். எரிந்தது அவர்கள் வீடுதானே என்றாள்.

மாட்டுங்காவில் ஆச்சி வீட்டுக் கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள். சமையல்காரிக்குப் பஜ்ஜி போட்டு மாளவில்லை. இன்சூரன்ஸ் எவ்வளவு வரும், இடத்தை ரிசார்ட்டுக்காரனுக்குக் கொடுக்கலாமா என்றே எல்லோரும் பேசினார்கள். ஆச்சியின் கொழுந்தன் பிரம்மநாயகம் எண்ணெய் விரலைச் சோபா உறையில் துடைத்துக்கொண்டு, "இடிக்கிற செலவு மிச்சம்" என்றார். தூக்குவாளியைப் பார்த்து, "டப்பாவாலாவும் வந்தாச்சா?" என்றார். மற்றவர்கள் வாயில் பஜ்ஜியோடு சிரித்தார்கள்.

ஆச்சி தலைவாராமல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு இரக்கம் வரவில்லை. பக்கத்தில் போனேன். அந்த வீட்டில் முதல்தடவையாக நானாக வாய் திறந்தேன்.

"எரியதுக்கு அங்க அப்படி என்ன இருந்துச்சு ஆச்சி?"

அம்மாவின் கை தூக்குவாளி மூடியிலேயே நின்றது.

ஆச்சிக்குத் தன் கேள்வி ஞாபகமில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ ஒருத்திதாம்மா கேக்க. உத்தரத்துல ஒரு வளையம் உண்டு. பிள்ளையளுக்கு அதுலதான் தொட்டில் கட்டுனேன். ரெண்டாவது பிள்ள தங்கல. அந்தச் சேலைய நாப்பது வருசமா நான் அவுக்கவே இல்ல." மூக்கை முந்தானையில் துடைத்தாள். "உனக்குத் தெரியும். உன் வீடும் எரிஞ்சதுல்லா. நீ நல்லாருப்ப."

அவள் கை ஈரமாக இருந்தது. உதறிவிட்டு ஓட வேண்டும்போல் இருந்தது. அந்த ஜாக்கெட்டுகளில் அடித்த அதே நாற்றம், இப்போது என் வாயிலிருந்தே வந்தது.

அம்மா தட்டில் சோற்றைப் போட்டு ஆச்சியின் மடியில் வைத்தாள். ஆச்சி ஒரு வாய் அள்ளிச் சாப்பிடும்வரை அம்மா நின்றாள். பிறகு என்னை ஒரு தடவை பார்த்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, என்னைக் கூப்பிடாமல், படியிறங்கிப் போனாள்.