சாராயச் சக்கரவர்த்தியின் சாட்சி

ஏதேன் தோட்டத்தில் தொடங்கிய போர் அது. யுகம் யுகமாக நடந்து, பேரரசுகளைச் சரித்து, தீர்க்கதரிசிகளை அழவைத்த போர். மனித குலத்துக்கும் சாத்தானுக்கும் இடையிலான அந்தப் போருக்கு முடிவு கட்டும் களமாகத் தேவன் வடக்கனந்தலைத் தேர்ந்தெடுத்திருந்தார். இதை முதலில் அறிந்தவர் பாஸ்டர் கலையரசன். இரண்டாவதாக அறிந்தவர் கள்ளக்குறிச்சியில் பிளெக்ஸ் அடிக்கிற வெங்கடேசன். "சாத்தான் கொம்பு வெச்சதா, வெக்காததா சார்? எங்கிட்ட ரெண்டும் இருக்கு" என்று கேட்டார்.

கூட்டத்தின் பெயர் 'சோதனையை வென்ற சிங்கங்கள்'. கச்சிராயபாளையம் சாலையில், கரும்பு வெட்டி முடித்த கொல்லையில் மூன்று நாள் பந்தல். கடைசி நாள் சென்னையிலிருந்து ஒரு பெரிய பிரசங்க ஊழியர் வருகிறார். அவருக்குச் சொந்தமாக ஒரு நர்சிங் காலேஜ் உண்டு. நல்ல சாட்சி என்றால் அவருக்கு உயிர். 'நான் இப்படிக் கெட்டுக் கிடந்தேன், கர்த்தர் இப்படித் தூக்கி எடுத்தார்' என்று மைக்கில் சொல்வதுதான் சாட்சி. பாவம் எவ்வளவு பெரிதோ, சாட்சி அவ்வளவு பெரிது.

பாஸ்டருக்கு இங்கேதான் சிக்கல். அவர் சபையில் உருப்படியான பாவி ஒருவர்கூட இல்லை. சாலம்மாள் வெற்றிலை போடுவதை விட்டிருந்தாள். ரிட்டயர்டு வாத்தியார் பூமாலை பேப்பரில் ராசிபலன் பார்ப்பதை விட்டிருந்தார். அதுவும் முழுதாக இல்லை. மற்றவர்கள் கூலிக்குப் போய், களைத்து வந்து, சுருண்டு படுக்கிறவர்கள். பாவம் செய்ய நேரம் கிடைக்காத சபை.

அப்போதுதான் ராசு அவர் கண்ணில் பட்டான். கரும்பு வெட்டுகிற ஆள். பிறந்தது கல்வராயன் மலைமேல். பாஸ்டர் அவனைத் தன் வீட்டு வராந்தாவுக்கு அழைத்தார்.

"பிரதர், மலையில சாராயம் காச்சினீங்கல்ல?"

"இல்லீங்க பாஸ்டர். சாமை வெதச்சோம்."

"அது சரி. சாமைக்கு நடுவுல?"

"மரவள்ளி போட்டோம்."

பாஸ்டர் பொறுமையாகச் சிரித்தார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. நடந்ததைப் பெரிதாக்குவார், நடக்காததைக் கொஞ்சம் நடத்திவைப்பார்.

"குடிச்சதாவது உண்டா?"

"இருமல் மருந்து குடிச்சாலே எனக்குத் தலை சுத்துங்க."

"பாத்தீங்களா, உங்களைப் பேச விடாம சாத்தான் தடுக்கிறான். மலையில பொறந்தீங்க. மலையில காச்சுறாங்க. நீங்க வேற, மலை வேறயா? ஒரே ஒரு தடவை மைக்குல சொல்லுங்க. பெரியவர்கிட்ட நான் பேசுறேன். தேவதர்ஷினிக்கு நர்சிங் சீட்டு. வீட்டம்மாவையும் உங்களையும் சபை வளாகத்துல குடிவெச்சுடலாம். எல்லாம் உங்களுக்குத்தான்."

தேவதர்ஷினி ராசுவின் ஒரே மகள். பிளஸ் டூ முடித்துவிட்டு, ஊரில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் போய் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ராசு தலையாட்டிவிட்டான்.

மறுவாரம் பிளெக்ஸ் எழுந்தது. 'கல்வராயன் மலையின் சாராயச் சக்கரவர்த்தி! இன்று கர்த்தரின் அடிமை!' நடுவில் ராசு. வெங்கடேசன் தன் கைவேலையைக் காட்டியிருந்தார்: மீசையைத் தடிமனாக்கி, கண்ணைச் சிவப்பாக்கி, பின்னால் புகை விட்டிருந்தார்.

அதற்குப் பிறகு நடந்ததை ராசு எதிர்பார்க்கவில்லை. டீக்கடையில் பெஞ்சில் இடம் விட்டார்கள். ஆறு வருஷமாக "டேய் மலை" என்று கூப்பிட்ட கரும்பு மேஸ்திரி ராஜாங்கம், "ராசு அண்ணே, வெயில் ஜாஸ்தியா கீது, நெழல்ல உக்காருங்க" என்றார். வாழ்நாளில் ஒரு கோழிகூட ராசுவைப் பார்த்து ஒதுங்கியதில்லை. இப்போது மனிதர்கள் ஒதுங்கினார்கள். செய்யாத பாவத்தில் இவ்வளவு சுகம் இருக்கும் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. தோளை அகட்டி நடக்க ஆரம்பித்தான். பழைய ரவுடி எப்படி நடப்பான் என்று தெரியாததால், வயிற்று வலிக்காரன் மாதிரி இருந்தது.

வீட்டில் மனைவி சின்னப்பொண்ணு பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இன்னாய்யா, இடுப்புல கட்டியா?"

"சும்மா நடந்தேன்மே."

"பாஸ்டரம்மா என்னைக் கூப்ட்டு வுட்டாங்க. நீ குடிச்சிட்டு வந்து தெனம் என்னை அடிச்சியாம். நீ மைக்குல சொல்ற, நான் முன்னால உக்காந்துக்கினு அழுவணுமாம். கொசு அடிக்கவே என்னைக் கூப்புடுற ஆளு நீ. எத நெனச்சி அழுவறது?"

"சீட்டு கெடைக்குமேமே."

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த தேவதர்ஷினி நிமிர்ந்தாள். "மூணு வருஷம் அந்தக் காலேஜுல என்னைச் சாராயக்காரர் பொண்ணுன்னுதான் கூப்புடுவாங்க. எங்க தாத்தா ஆதிமூலம் செத்தப்போ மலைமேல அம்பது குடும்பமும் வேலைய வுட்டுட்டு வந்து நின்னுச்சு. அவர் காச்சினாராப்பா?"

ராசு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். மறுநாளும் டீக்கடையில் பெஞ்சு காலியாகத்தான் இருந்தது. அவனும் அதில் உட்காரத்தான் செய்தான்.

கடைசி நாள் சாயங்காலம். பந்தல் நிரம்பி வழிந்தது. சென்னைப் பெரியவர் சிம்மாசனம் போன்ற நாற்காலியில் இருந்தார். மேடை ஓரத்தில், பாஸ்டர் கொடுத்த வெள்ளைச் சட்டையில் ராசு. முதல் வரிசையில் மகளோடு சின்னப்பொண்ணு. பாஸ்டரம்மா அவள் கையில் கர்சீப் திணித்திருந்தாள்.

பாஸ்டர் கர்ஜித்தார். வனாந்தரத்தில் இயேசுவுக்கு வந்த சோதனையைப் பற்றிப் பேச்சு. "சாத்தான் அவரை மலை உச்சிக்குக் கூட்டிக்கினு போனான்! உலகத்தையே காட்டினான்! ஒரே ஒரு தடவை குனி, எல்லாம் உனக்குத்தான்னு சொன்னான்! அப்படி உங்ககிட்ட எவனாவது சொன்னா, அடையாளம் கண்டுக்கோங்க!"

ராசு அடையாளம் கண்டுகொண்டான். 'ஒரே ஒரு தடவை', 'எல்லாம் உங்களுக்குத்தான்.' இரண்டையும் அவன் கேட்டது வனாந்தரத்தில் இல்லை. பாஸ்டர் வீட்டு வராந்தாவில்.

"இதோ! சாராயச் சக்கரவர்த்தி பிரதர் ராசு!"

கைதட்டல். ராசு மைக்கைப் பிடித்தான்.

"நான் சாராயம் காச்சினதில்லீங்க."

"அல்லேலூயா!" என்றாள் சாலம்மாள், பழக்கத்தில்.

"பிரதர் உணர்ச்சிவசப்பட்டிருக்கார்" என்று பாஸ்டர் கீபோர்டுக்காரரைப் பார்த்துக் கண் காட்டினார். கீபோர்டு உருகியது. ராசு குரலை உயர்த்தினான்.

"எங்கப்பாவும் காச்சல. எங்க மலையில சாமை வெளையுது, கடுக்கா வெளையுது. மலைன்னா சாராயம்னு சொல்றது கீழ இருக்கறவங்க. என் பொண்டாட்டிய நான் அடிச்சதில்ல. அடிச்சா திருப்பி அடிப்பா."

முதல் வரிசையில் சின்னப்பொண்ணு கர்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு. பாஸ்டரம்மா அதை அழுகை என்று நம்பி முதுகைத் தடவினாள்.

"பிரதர், போதும்..."

"இருங்க பாஸ்டர், சாட்சி சொல்றேன். ஒரு மழையில ஒதுங்க எடமில்லாம இந்தச் சபை வாசல்ல நின்னேன். உள்ளேர்ந்து ஒருத்தர் வந்து, நாற்காலி போட்டு, உக்காருங்கன்னாரு. கீழ எறங்கி வந்ததுலேர்ந்து எனக்கு யாரும் நாற்காலி போட்டதில்ல. அன்னிலேர்ந்து வரேன். அவ்வளோதான் என் கத. சின்னதுதான். ஆனா நடந்தது. இத்தப் பெருசாக்கி வாங்குற சீட்டு எம் பொண்ணுக்கு வாணாம். சோதனை இன்னான்னு மூணு நாளா நல்லா வெளக்குனீங்க. புரிஞ்சுடுச்சு."

கீபோர்டு நின்றிருந்தது. நாற்காலி போட்ட அந்த ஆள் பூமாலை வாத்தியார். அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னைப் பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். பாஸ்டர் மைக்கைப் பிடுங்கி, "இதுதான் தாழ்மை!" என்று கத்தினார். ராசு சட்டையை மேடையிலேயே கழற்றி மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, பனியனோடு இறங்கி, மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு நடந்தான். தோளை அகட்டவில்லை.

நர்சிங் சீட்டு வேறு யாருக்கோ போனது. தேவதர்ஷினி பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்குப் போய் பி.எஸ்ஸி. படிக்கிறாள். மேஸ்திரி மறுபடியும் "டேய் மலை" என்கிறார். "என் பேரு ராசு" என்று இவன் ஒவ்வொரு தடவையும் சொல்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சபைக்குப் போய், அதே நாற்காலியில் உட்காருகிறான். பாஸ்டர் அவனைப் பார்க்காமல் பிரசங்கம் பண்ணப் பழகிவிட்டார்.

பந்தல் பிரித்த அன்று ராசு போய் அந்த பிளெக்ஸைக் கேட்டு வாங்கி வந்தான். மழைக்கு வீடு ஒழுகுகிறது என்றான். உண்மைதான், ஒழுகியது. ஓலைக்கு அடியில் விரித்துக் கட்டினான், ஒழுகல் நின்றுவிட்டது.

படத்தை உள்பக்கம் பார்க்கக் கட்டியிருக்கிறான். பாயில் மல்லாந்து படுத்தால் நேராகத் தெரியும்.